உப்புப் பூத்த கார்டு

எதிராளி தானாகவே நம் வாசலில் வந்து நிற்கும் நாள் எல்லோருக்கும் வாய்த்துவிடாது. பிளசிக்கு அது ஒரு சனிக்கிழமை காலையில் வாய்த்தது.

பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாதவராஜ் நடத்தும் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் அவள் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிவிட்டு மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. பின் சீட்டில் பழைய போர்வையால் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டிய கம்ப்யூட்டர் பெட்டி. ஓட்டி வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். அந்தோணி பிரகாஷ். அவள் கணவனின் கூடப்பிறந்த அண்ணன்.

கடைக்குள் அவளைக் கண்டதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். தர்மபுரியில் ஏறி இறங்கிய கடைகளில் எல்லாம் "இதெல்லாம் பழைய மாடல், தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க" என்று சொல்லிவிட்டார்கள். பழைய சிஸ்டத்தைப் பார்ப்பதற்குப் பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு கடை இருக்கிறது என்று யாரோ சொல்லி வந்திருக்கிறார். அந்தக் கடையில் உட்கார்ந்திருப்பது யார் என்று மட்டும் அந்த யாரோ சொல்லவில்லை.

"மாதவராஜ் இல்லீங்களா?" என்றார், அவளைப் பார்க்காமல் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்து.

"வெளிய போயிருக்காருங்க. என்னான்னு எங்கிட்ட சொல்லுங்க, மாமா."

அந்த 'மாமா'வில் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. மரியாதையைக் கொடுத்தே ஆளைச் சுட முடியும் என்பது பிளசிக்குத் தெரியும்.

நடந்தது தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. மொரப்பூரில் அந்தோணி பிரகாஷ் வைத்திருக்கும் ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்துகொண்டிருந்தவள் பிளசி. வீட்டு முன்னறைதான் ஸ்டூடியோ. பொங்கலுக்கு வீடெல்லாம் சுத்தம் செய்தபோது அந்தக் கம்ப்யூட்டரையும் திறந்து தூசு தட்டினாள். அடுத்த சில வாரங்களில் திரை முழுக்கக் கோடு கோடாக விழ ஆரம்பித்தது. "இவ கழட்டுனதாலதான்" என்று முதலில் சொன்னவள் ஓரகத்தி அனிஷா. மாமியார் மதலேனம்மாள் அதற்குத் தலையாட்டினாள். அந்தோணி பிரகாஷ் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதோடு விட்டிருந்தால் பிளசியும் விட்டிருப்பாள். அவர்கள் தெருவில் இருக்கும் கத்தோலிக்கக் குடும்பங்கள் சனிக்கிழமை சாயங்காலம் முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடும். அன்பியக் கூட்டம் என்று அதற்குப் பெயர். செபமாலை முடிந்ததும் ஆளுக்கொரு மன்றாட்டுச் சொல்வார்கள். மழை வேண்டும், மகனுக்கு வேலை வேண்டும், முட்டி வலி குணமாக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எல்லோருமாகச் சேர்ந்து, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்பார்கள்.

தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை அனிஷா கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். "எங்க வூட்டுத் தொழிலைப் பொறாமையில கை வச்சுக் கெடுத்தவங்க மனசு திருந்தணும்னு ஆண்டவரை மன்றாடுவோம்."

பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அறையில் இருந்த அத்தனை பேரும் பிளசியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே "கேட்டருளும்" என்றார்கள். இதில் கொடுமை என்னவென்றால், பழக்க தோஷத்தில் பிளசியின் வாயும் அதையே சொல்லிவிட்டது. தனக்கு எதிரான வேண்டுதலுக்குத் தானே ஆமாம் போட்டவள் அவள். 

புருஷன் ஆரோக்கிய பிரவீன் மட்டும்தான் அவள் பக்கம் நின்றான். "விடு பிளசி, நாம தனியா போயிடலாம்" என்றான். அடுத்த வாரமே பாப்பிரெட்டிப்பட்டியில் வீடும் பார்த்துக் குடிவைத்துவிட்டான். வீட்டுக்காரம்மா முனியம்மாளுக்குத்தான் ஞாபகம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். "உங்க வூட்டுக்காரரு மார்கழியிலயே வந்து வூடு கேட்டு வச்சுட்டுப் போனாரே" என்பாள். பங்குனியைத்தான் மார்கழி என்கிறாள் பாவம் என்று பிளசி சிரித்துக்கொள்வாள்.

இப்போது அந்தக் கம்ப்யூட்டர் அவள் மேஜைமேல் இருந்தது.

"புதன்கிழமையிலருந்து படமே வரல. ஒரே இருட்டு" என்றார் அந்தோணி பிரகாஷ். "இண்டூர் கிருஷ்ணப்பன் பொண்ணு கல்யாணம் பூரா இதுக்குள்ளதான் இருக்குது. நாளைக்குக் காலையில ஆல்பம் பார்க்க வராரு. போட்டோ போச்சுன்னா அவரு என்னை ஊர்ல தலைகாட்ட வுடமாட்டாரு."

"அப்படீங்களா."

"எதுனா பண்ணு பிளசி."

"பாக்கறேன். நீங்க போய் டீ குடிச்சுட்டு வாங்க. பக்கத்துல ஆள் நின்னா எனக்கு வேலை ஓடாது."

அவர் டீ சாப்பிடப் போனார். ஆறு அடி ஆள், கையைப் பிசைந்துகொண்டு ரோட்டைத் தாண்டியதை பிளசி ஆசை தீரப் பார்த்தாள்.

பிறகு சுவிட்சைத் தட்டினாள். விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது. உள்ளே இருந்த குட்டி ஸ்பீக்கர் நீளமாக ஒரு தடவையும் குட்டையாக இரண்டு தடவையும் கத்தியது. மானிட்டரில் 'நோ சிக்னல்' என்ற எழுத்து மட்டும் இங்கும் அங்கும் நீந்தியது.

அந்தச் சத்தத்திலேயே அவளுக்குப் பாதி தெரிந்துவிட்டது. ஆனால் பாதியை வைத்துக்கொண்டு பழி தீர்க்க முடியாது. முழுசாகத் தெரிய வேண்டும்.

மானிட்டரைக் கடையில் இருந்த வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாள். பளிச்சென்று படம் வந்தது. மானிட்டர்மேல் குற்றம் இல்லை. கேபிளை மாற்றினாள். அதே இருட்டு. ரேமைக் கழற்றி, அதன் பித்தளை நிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து மாட்டினாள். அதே கத்தல். இந்தப் பழைய போர்டுக்குத் தானாகப் படம் காட்டத் தெரியாது. படத்துக்கென்று தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு சொருகியிருக்கும். மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

திருகைக் கழற்றிக் கார்டை மெல்ல அசைத்து இழுத்தாள். வரவில்லை. சொருகிய இடத்தில் எதுவோ பிடித்துவைத்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை அசைத்ததும் மொரமொரவென்று ஒரு சத்தத்தோடு கையோடு வந்தது.

வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கார்டின் முதுகில் சொட்டுச் சொட்டாக வெள்ளை பூத்திருந்தது. சொட்டு வழிந்து இறங்கிய தடம் ஓரம்வரை போயிருந்தது. பொங்கலுக்கு அவள் ரப்பர் போட்டுத் தேய்த்தபோது தங்கம் மாதிரி மின்னிய பற்கள் இப்போது பச்சைப் பாசி பிடித்துக் கிடந்தன. பாதிப் பற்களைக் காணவே இல்லை, அரித்துத் தின்றுவிட்டிருந்தது.

கார்டைக் கடைக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தாள். அங்கேயும் இருட்டு. கடையில் கிடந்த ஒரு பழைய கார்டை எடுத்தாள். அந்தோணி பிரகாஷின் பெட்டியில் சொருகுமிடத்தைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, அதை மாட்டி சுவிட்சைத் தட்டினாள். ஒரே ஒரு குட்டைக் கூவல். திரையில் வெளிச்சம் வந்தது.

போன வருஷக் கிறிஸ்துமஸ் குடிலுக்கு முன்னால் குடும்பமாக நின்று எடுத்த படம்தான் முகப்பில் இருந்தது. அந்தப் படத்தை பிளசிக்கு நன்றாகத் தெரியும். மாமியார், அந்தோணி பிரகாஷ், அனிஷா, பிரவீன், ஓரத்தில் அவள். இப்போது ஓரத்தை வெட்டியிருந்தார்கள். பிரவீனின் ஒரு கை யாருடைய தோள்மேலோ போய்ப் படத்துக்கு வெளியே முடிந்தது. அவளுடைய மயில்கழுத்துப் புடவையில் ஒரு விரல்கடை மட்டும் தப்பித்திருந்தது.

"வெட்டறதையும் நேரா வெட்டத் தெரியல" என்று வாய்விட்டுச் சொன்னாள். கண் கலங்கியது. கோபத்தில் வந்த கண்ணீர்தான், துடைத்ததும் நின்றுவிட்டது.

கிருஷ்ணப்பன் பெண்ணின் கல்யாணம் அப்படியே இருந்தது. ஒரு படமும் போகவில்லை. போனது கார்டு மட்டும்தான். பிளசி சுவிட்சை அணைத்துவிட்டு, கெட்ட கார்டை மறுபடி கையில் எடுத்தாள்.

இந்த வெள்ளை எங்கிருந்து வந்தது? இந்தப் பக்கத்துப் போர் தண்ணீர் எதன்மேல் பட்டாலும் வெள்ளையாகப் படியும். குழாயில் படியும், குடத்தில் படியும், பிள்ளைகளின் பல்லில்கூடப் படியும். ஆனால் அது சுண்ணாம்பு மாதிரி இருக்கும். இது அப்படியில்லை. விரலை ஈரமாக்கித் தொட்டு நுனிநாக்கில் வைத்தாள்.

உப்பு.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உப்புத் தண்ணீர் எந்த வீட்டிலும் வானத்திலிருந்து சொட்டாது. ஆனால் அந்த வீட்டில் சொட்டும். கோயிலில் மந்திரித்துக் கொடுக்கும் உப்பைத் தண்ணீரில் கரைத்து பாட்டிலில் வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை ஆனால் வீடெல்லாம் தெளித்துக்கொண்டு போகும் ஓர் ஆளை அவளுக்குத் தெரியும். மாமியார் மதலேனம்மாள்.

கம்ப்யூட்டர் பெட்டியின் தலையில் காற்றுப் போக வரிசையாக ஓட்டைகள். மேலே தெளித்தது எல்லாம் நேராகக் கார்டின் முதுகில் இறங்கியிருக்கிறது. கீழே இருந்த போர்டுக்குக் குடை பிடித்த மாதிரி கார்டே அத்தனையையும் வாங்கிக்கொண்டு செத்திருக்கிறது. தவக்காலத்துக்குப் பிறகு அவள் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. பிறகும் இந்த உப்பு ஏறிக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

'தானே கெடுத்துட்டு, பழியை என் தலையில போட்டுட்டு, எனக்காக மன்றாட்டு வேற' என்று நினைத்தாள். உடம்பெல்லாம் ஜிவ்வென்று சூடேறியது. பழி வாங்குவது பாவம் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் கேட்டு வளர்ந்தவள்தான். அதை ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. இன்று சனிக்கிழமை.

மாதவராஜ் உள்ளே வந்தபோது அவள் கார்டைக் காகிதத்தில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டிருந்தாள். நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் தாடையைத் தடவினார்.

"போட்டோ எல்லாம் பத்திரமா இருக்குதுன்னு அந்த மனுசன்கிட்ட சொல்லிடலாமில்ல? ரோட்டுக்கு அந்தாண்ட ஒக்காந்துகினு மூணாவது டீ குடிக்கறாரு."

"சொல்லலாம்ணா. சாயங்காலம் சொல்றேன்."

"பாவம் பிளசி."

"ஆமாண்ணா. நானும் பாவந்தான். எத்தனை மாசமா பாவம் நானு."

மாதவராஜ் தன் வேலையைப் பார்க்கத் திரும்பினார். அவருக்கும் அண்ணன் தம்பிகள் இருக்கிறார்கள்.

அந்தோணி பிரகாஷ் திரும்பி வந்ததும் பிளசி எழுந்து நின்றாள். "சிஸ்டத்தை ஓட வைக்கறேன், மாமா. ஆனா இங்க இல்ல. உங்க வூட்டுல."

"வூட்டுல எதுக்கு?"

"இன்னைக்கு அன்பியம் உங்க வூட்டு முறைதானே? எல்லாரும் வருவாங்கல்ல. செபமாலைக்கு முன்னாடி அவங்க எல்லாருக்கும் முன்னாடி ஓட வைக்கறேன். எல்லாரும் இருக்கறப்பதானே நான் கெடுத்தேன்னு சொன்னீங்க? எல்லாரும் இருக்கறப்பவே சரி பண்றேன்."

"அதெல்லாம் எதுக்கு பிளசி, பழச கிளறிக்கினு..."

"வேணான்னா எடுத்துட்டுப் போங்க. கயிறு இதோ இருக்குது."

அவர் கயிற்றைப் பார்த்தார். அவர் கண்ணுக்குள் கிருஷ்ணப்பன் வந்து நின்றிருக்க வேண்டும். "சரி, வா" என்றார். அந்த 'வா' தொண்டையிலிருந்து வெளியே வரப் பட்ட பாடு பிளசிக்கு ஒரு விருந்து சாப்பிட்ட மாதிரி இருந்தது.

சாயங்காலம் மொரப்பூர் பக்கம் ஒரு கேமரா மாட்டப் போன மாதவராஜ், தன் ஆம்னி வேனிலேயே அவளையும் பெட்டியையும் கொண்டுபோய் இறக்கிவிட்டார். அன்றிரவு பிரவீன் திருப்பூரிலிருந்து ரயிலில் வருகிறான். அங்கே ஒரு பனியன் கம்பெனியில் மெஷின்களுக்கு எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் பார்ப்பவன். வாராவாரம் மொரப்பூர் ஸ்டேஷனில் இறங்கி பஸ் பிடித்து வீட்டுக்கு வருவான். இந்த வாரம் ஸ்டேஷனுக்கே போய் நின்று, ஜெயித்த கதையை அவனிடம் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் பாய் விரித்திருந்தார்கள். தெருக்காரர்கள் பாதிப்பேர் வந்துவிட்டிருந்தார்கள். பிளசி படி ஏறியதும் பேச்சு நின்றது. அனிஷா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த மதலேனம்மாள் மட்டும், "வா" என்றும் சொல்லாமல் "போ" என்றும் சொல்லாமல் செபமாலையை உருட்டினாள்.

பிளசி யாரையும் பார்க்கவில்லை. பெட்டியை நடுக்கூடத்து மேஜைமேல் வைத்து, வயர்களை மாட்டி, சுவிட்சைத் தட்டினாள். ஒரு குட்டைக் கூவல். திரை வெளுத்தது. குடிலும் குடும்பமும் வெட்டுப்பட்ட ஓரமும் பளிச்சென்று வந்தன.

"வந்துடுச்சே!" என்று யாரோ கத்தினார்கள். அந்தோணி பிரகாஷ் ஓடிவந்து கல்யாணப் போட்டோக்களைத் திறந்து பார்த்தார். தாலி கட்டும் படம் வந்ததும் நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டார்.

"கை வச்சுக் கெடுத்தவளே கை வச்சு சரி பண்ணிட்டாளா?" என்றாள் அனிஷா, யாருக்கோ சொல்வது போல.

பிளசி பாயில் போய் மண்டியிட்டாள். செபமாலை ஆரம்பமானது. அன்றைக்கு அவள் சொன்ன அளவு நிதானமாக, அட்சரசுத்தமாக அந்தத் தெருவில் யாரும் செபமாலை சொல்லியிருக்க மாட்டார்கள். காத்திருப்பதில் அவளுக்கு அவ்வளவு சுகம் இருந்தது.

மன்றாட்டு வந்தது. ஒருத்தர் மழை கேட்டார். ஒருத்தி மருமகளுக்குச் சுகப்பிரசவம் கேட்டாள். எல்லோரும் கேட்டருளும் சொன்னார்கள். பிளசி கண்ணை மூடிக்கொண்டாள். அன்று அனிஷா மூடிக்கொண்ட மாதிரியேதான்.

"இந்த சிஸ்டத்து மேல மந்திரிச்ச உப்புத் தண்ணிய ஊத்திக் கெடுத்துட்டு, அந்தப் பழிய வேறொருத்தி தலையில போட்டவங்க இங்கதான் இருக்காங்க. உண்மைய ஒத்துக்கிற தைரியத்தை அவங்களுக்குத் தரணும்னு ஆண்டவரை மன்றாடுவோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

பழக்கம் விடுமா? எல்லா வாயும் சேர்ந்து சொல்லி முடித்த பிறகுதான் எதற்குச் சொன்னோம் என்று அவர்களுக்கு உறைத்தது. 

பிளசி கைப்பையைத் திறந்து கார்டை எடுத்தாள். "பொங்கலுக்கு நான் தொடைச்சப்ப இது பளபளன்னு இருந்துச்சு. இப்ப பாருங்க. நக்கிப் பார்த்தா உப்புக் கரிக்கும். மேல இருக்கற ஓட்டையில ஊத்துனது உள்ள இறங்கி அரிச்சிருக்குது. நான் போனப்பறமும் விழுந்துக்கினுதான் இருந்திருக்குது." கார்டு கைக்குக் கை மாறிப் போனது. ஒரு கிழவர் நிஜமாகவே நக்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

பிளசி நேராக மாமியாரைப் பார்த்தாள். "வெள்ளிக்கெழம ஆனா வூடு பூரா தெளிக்கறது யாருங்க, அத்தை?"

மதலேனம்மாள் அசரவில்லை. "நான்தான் தெளிப்பேன். வாசப்படியில தெளிப்பேன், மாட்டுக்கொட்டாயில தெளிப்பேன், படுக்கற எடத்துல தெளிப்பேன். கரண்டு சாமான் கிட்ட நான் போவேனா? மிக்ஸியத் தொடவே பயந்துக்கினு இன்னும் அம்மியில அரைக்கறவ நானு. இந்தத் தெருவுக்கே தெரியுமே."

அதைக் கேட்டு இரண்டு பேர் சிரித்தேவிட்டார்கள். தெருவுக்கே தெரிந்த விஷயம்தான் அது. பிளசிக்கு முகம் சிவந்தது. இத்தனை நேரம் குறிபார்த்து வீசியது ஆள் மாறி விழுந்துவிட்டதோ என்று ஒரு கணம் தடுமாறினாள்.

அப்போது ஒரு செபமாலை கை நழுவித் தரையில் விழுந்தது. அனிஷாவுடையது.

மதலேனம்மாள் மெதுவாகத் திரும்பினாள். "ஏ அனிஷா. ஸ்டூடியோ சன்னல்ல ஒரு பாட்டில் இருக்குதே. என்னா அது?"

"நல்லதுக்குத்தான்..." என்று ஆரம்பித்த அனிஷா, விழுந்த செபமாலையைக் குனிந்து எடுத்தாள். "தொழிலுக்குக் கண்ணு பட்டுடுச்சேன்னு... காலையில சிஸ்டம் போடறதுக்கு முன்னாடி கொஞ்சமாத்தான்..."

"அப்ப நீதானாடி?" என்றார் அந்தோணி பிரகாஷ். அத்தனை பேருக்கும் முன்னால் அவள் தலை குனிந்தது. அவர் பிளசியிடம் வந்து கைகூப்பினார். "மன்னிச்சுடும்மா. அன்னைக்கு உங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம வுட்டுட்டேன்."

"போட்டோ எல்லாம் காலையிலருந்தே பத்திரமாத்தான் இருந்துச்சு, மாமா. கெட்டது கார்டு மட்டுந்தான்."

"காலையிலயே சொல்லியிருக்கலாமே! நாள் பூரா செத்துப் பொழைச்சனே!"

"சொல்லியிருக்கலாம். எனக்கு ஒரு நாள் பூரா வேணும்னு தோணுச்சு."

இனித்தது. அதை மறைப்பானேன்? அந்தக் கூடம் அவளை எப்படிப் பார்த்ததோ, இப்போது அப்படி அனிஷாவைப் பார்த்தது. பிளசி கார்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். எத்தனையோ நாள் கழித்து அவளுக்கு நன்றாகப் பசித்தது.

டீ கொடுப்பது வழக்கம். டம்ளர் எடுக்க சமையலறைக்குள் போன பிளசியைப் பின்னாலேயே வந்து கதவோரம் நிறுத்தினாள் அனிஷா. அவள் கண் சிவந்திருந்தது. அழுததில் அல்ல.

"சந்தோசமா? எல்லாரையும் கூட்டி வச்சு என் மானத்த வாங்கிட்ட. இப்ப நான் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. கண்ணு பட்டுடுச்சுன்னு நான் சொன்னது பொய். உன் கை ராசிதான் ஆவலைன்னு தெளிச்சேன். நீ ஒக்கார்ற நாற்காலியில தெளிச்சேன், நீ தொடற பெட்டியில தெளிச்சேன். போனப்பறமும் உன் வாடை போவணும்னு தெளிச்சேன்."

"தெரியுது அக்கா. மூஞ்சியிலயே தெரியுது."

"என்னாத்த தெரியுது உனக்கு? எனக்கு அந்த உப்பு யாரு குடுத்தான்னு தெரியுமா?"

பிளசி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"பொங்கலுக்கு வந்தப்ப உன் புருசன் குடுத்தாரு. மாதா கோயிலுக்குப் போனேன், மந்திரிச்ச உப்பு அண்ணி, தண்ணியில நல்லா கெட்டியா கரைச்சு பிளசி ஒக்கார்ற எடத்துல தெளிங்கன்னாரு. சும்மா மேலாக்க தெளிச்சா ஆவாது, பெட்டிக்கு மேல ஓட்டை இருக்குதில்ல, அங்க ஊத்துங்க, உள்ள போவும்னு காமிச்சும் குடுத்தாரு. எனக்கு என்னா தெரியும் கரண்டப் பத்தி? அவருக்குத் தெரியாதா?"

சொல்லிவிட்டு அனிஷா டம்ளர்களை எடுத்துத் தட்டில் அடுக்கிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள். தட்டில் டம்ளர் ஒன்றுகூட ஆடவில்லை. இரண்டு பேரில் யார் யாரைப் பழி வாங்கினார்கள் என்று அந்த நேரத்தில் கேட்டிருந்தால் பிளசியால் சொல்லியிருக்க முடியாது.

டீ குடிக்காமலே அவள் கிளம்பினாள். ஸ்டேஷன் நடந்துபோகும் தூரம்தான். கால் தன் பாட்டில் போனது.

பிரவீனுக்குத் தெரியாதா? நாளெல்லாம் மெஷின் போர்டுகளோடு கிடப்பவன். வீட்டில் மிக்ஸிமேல் ஒரு சொட்டு ரசம் தெறித்தாலே, "உப்பு போச்சுன்னா உள்ள அரிச்சுடும்" என்று துணியைத் தூக்கிக்கொண்டு வருகிறவன். அனிஷா பொய் சொல்கிறாள் என்று நினைத்துப் பார்த்தாள். பொய்யில் இவ்வளவு விவரம் இருக்காது. அனிஷாவின் வாயிலிருந்து வந்தது முழுக்க அவனுடைய பேச்சு.

'நாம தனியா போயிடலாம்' என்று அன்று அவன் சொன்னபோது அவள் அவன் தோளில் சாய்ந்து அழுதாள். கோடு விழுந்தது தை மாதத்தில். பழி விழுந்தது தவக்காலத்தில். மார்கழியிலேயே வீடு கேட்டு வைத்ததாக முனியம்மாள் சொன்னாளே, பாவம், அந்தக் கிழவிக்கு ஞாபகம் நன்றாகத்தான் இருக்கிறது. தனியாகப் போக அவனுக்கு ஒரு சண்டை வேண்டியிருந்திருக்கிறது.

அனிஷாவின் மேல் வந்தது கோபம். இது கோபம் இல்லை.  

இருட்டத் தொடங்கியபோது ரயில் வந்து நின்றது. தோளில் பையோடு இறங்கிய பிரவீன் அவளைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாக வேகமாக வந்தான்.

"ஏய், நீ எங்க இங்க? என்னைக் கூட்டிட்டுப் போகவா வந்த?"

பிளசி கைப்பையைத் திறந்து, காகிதத்தைப் பிரித்து, கார்டை நீட்டினாள். பிளாட்பார விளக்கில் அந்த வெள்ளைச் சொட்டுகள் நன்றாகத் தெரிந்தன.

"உங்கண்ணன் காலையில சிஸ்டத்தைக் கடைக்குக் கொண்டாந்தாரு. அதுல இருந்த கார்டுங்க இது. எதுனால கெட்டுச்சுன்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க. போர்டு வேலை தெரிஞ்சவராச்சே."

அவன் கை நீட்டவில்லை. சிரிப்பு உதட்டில் அப்படியே இருந்தது, கண்ணில் இல்லை. கார்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், தோளில் தொங்கிய பையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டான்.

"அண்ணி என்ன சொன்னாங்க?" என்றான்.

பிளசி கார்டைக் காகிதத்தில் சுற்றிக் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். அண்ணியைப் பார்த்ததாகவே அவள் இன்னும் அவனிடம் சொல்லவில்லை.